தேவதைக்குப் பசிக்காது

ஒரு பெண்ணைத் 'தேவதை' என்று சொல்வது பாராட்டாகவே எண்ணப்படுகிறது. ஆனால் கிறித்தவ இறையியலில் வானதூதர் பெண்ணும் அல்ல, ஆணும் அல்ல. எபிரேயத்தில் 'மல்ஆக்', கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்'. இரண்டுக்கும் தூதர், செய்தி கொண்டுவருபவர் என்றுதான் பொருள். அது ஒரு வேலையின் பெயர். அந்தப் பெயர் எப்படி வீட்டுப் பெண்ணின் தலையில் வந்து அமர்ந்தது? அதனால் அவள் எதை இழந்தாள்?

13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் வானதூதர்களைப் பற்றி விரிவாகச் சிந்தித்தவர். அவர்களுக்கு உடல் இல்லை, அவர்கள் அறிவே உருவானவர்கள் என்றார். மனிதர் முன் தோன்றும்போது ஓர் உடலை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த உடலால் உண்மையில் உண்பதில்லை. இங்கே பசியின்மை நிறைவின் அடையாளம். தூதருக்கு எதுவும் தேவைப்படுவதில்லை.

உடல் இல்லையென்றால் பாலும் இல்லை. கற்பனை அதோடு நிற்கவில்லை. 1667இல் வெளிவந்த மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' முதல் காண்டத்தில், ஆவிகள் ஆண், பெண் இரண்டில் எந்த வடிவத்தையும் ஏற்கலாம் என்று வருகிறது. வீழ்ச்சிக்குப் பிறகு ஆதாமோ, விண்ணுலகை ஆண் ஆவிகளால் நிரப்பிய கடவுள் மண்ணில் மட்டும் ஏன் பெண்ணைப் படைத்தார் என்று குமுறுகிறான். அது அவனுடைய கோபம், கவிஞரின் தீர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விருந்துக் காட்சியைக் கவனியுங்கள். ரபேல் என்னும் தூதர் ஏதேனுக்கு வருகிறார். அக்வினாஸ் சொன்னதற்கு மாறாக, மில்டனின் தூதர் உண்மையான பசியோடு உண்கிறார். கனிகளைப் பறித்து ஆயத்தம் செய்பவளும் பரிமாறுபவளும் ஏவாள். பிறகு பேச்சு விண்மீன்களைப் பற்றித் திரும்பும்போது அவள் எழுந்து தன் செடிகளிடம் போய்விடுகிறாள். புரியாததால் அல்ல, கணவன் வாயால் கேட்கவே அவளுக்கு விருப்பம் என்று கவிஞர் விளக்கம் வேறு தருகிறார்.

செய்தி, வாள், அறிவு இவற்றை ஏந்தும்போது தூதர் ஆணாகவே கற்பனை செய்யப்பட்டார். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதே சொல் அடுப்படிக்கு இறங்கியபோது பெண்ணானது. கவென்ட்ரி பாட்மோர் தன் மனைவியை மனத்தில் வைத்து எழுதிய 'தி ஏஞ்சல் இன் தி ஹவுஸ்' கவிதையின் முதல் பகுதி 1854இல் வந்தது. அந்தத் தலைப்பே பின்னர் ஓர் இலட்சிய மனைவிக்குப் பெயராயிற்று. 1931இல் லண்டனில் பெண்கள் கூட்டமொன்றில் பேசிய வர்ஜீனியா வுல்ஃப், எழுத உட்காரும்போதெல்லாம் இந்தத் தேவதை வந்து குறுக்கே நின்றதாகச் சொன்னார். கோழி சமைத்தால் தனக்குக் காலை மட்டும் எடுத்துக்கொள்பவள், குளிர்காற்று வீசும் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்பவள். ஓர் ஆணின் நூலுக்கு மதிப்புரை எழுதினால், இதமாகப் பேசு, உனக்கென ஒரு மனம் இருப்பதைக் காட்டிக்கொள்ளாதே என்று காதில் ஓதுபவள். அவளைக் கொன்ற பிறகே எழுத முடிந்தது என்றார் வுல்ஃப். அதற்குத் தனக்குச் சொந்தப் பணம் இருந்தது உதவியது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பிறருக்காக விட்டுக்கொடுப்பது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் விட்டுக்கொடுக்க முதலில் ஏதாவது வேண்டும். பசியுள்ளவர் தன் பங்கை இன்னொருவருக்குத் தந்தால் அது கொடை. பசியே இல்லாதவர் தட்டைத் தள்ளிவைத்தால் அதில் கொடை ஏது? அக்வினாஸின் தூதர் உண்ணாமல் இருப்பது தியாகம் ஆகாது.

நம் வீடுகளில் அம்மா கடைசியில் சாப்பிடுகிறாள். சட்டியில் மிஞ்சியதைப் போட்டுக்கொள்கிறாள். "அம்மா தேவதை" என்கிறோம். அந்தச் சொல்லோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அவள் பசித்திருந்தாள் என்று சொன்னால் நாம் கடன்பட்டவர்கள். தேவதை என்று சொன்னால் அது அவள் இயல்பு, நமக்குக் கடன் இல்லை. இந்தப் பாராட்டு அவள் கொடுத்ததைக் கொடையாகவே இல்லாமல் செய்துவிடுகிறது. தேவதையாக இருக்க மறுப்பதை நல்லவளாக இருக்க மறுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கும் பசிக்கும், நான் கொடுத்ததை எண்ணிக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள்.

தூதர் என்ற பழைய சொல்லுக்குத் திரும்புவோம். நற்செய்தி நூல்களின்படி, இயேசு உயிர்த்தார் என்ற செய்தியை முதலில் சுமந்து சென்றவர்கள் பெண்கள். மகதலா மரியா அவர்களுள் ஒருவர். அன்று அவர்கள் செய்தது தூதரின் வேலை, சொல்லின் நேர்ப்பொருளில். அவர்களை யாரும் தேவதைகள் என்று அழைக்கவில்லை. லூக்கா எழுதுகிறார்: அவர்கள் சொன்னது சீடர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றியது, அவர்கள் நம்பவில்லை.

பெண்ணுக்குச் சிறகு வரைந்துவிடுவது எளிது. அவள் கொண்டுவந்த செய்தியைக் கேட்பதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது.