ஒட்டினால் ஒன்றாகுமா?

இரண்டு பொருள்கள் எப்போது ஒரே பொருளாகின்றன என்பது மெய்யியலில் மிகப் பழைய கேள்வி. அமெரிக்காவில் ரைபிள் வைத்திருப்பவர் இதற்குத் தவறான விடை சொன்னால் சிறைக்கும் போக நேரலாம். 1934இல் இயற்றப்பட்ட தேசியத் துப்பாக்கிச் சட்டம் இன்றுள்ள வடிவில், குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிளைத் தனிப் பதிவு தேவைப்படும் ஆயுதமாகக் கொள்கிறது. 14.5 அங்குலக் குழலின் முனையில் ஃபிளாஷ் ஹைடர், மசில் பிரேக் போன்ற முனைக்கருவி ஒன்றைப் பொருத்தினால் மொத்த நீளம் 16 அங்குலத்தைத் தாண்டலாம். அந்த முனைக்கருவி குழலின் பகுதியாகிவிட்டதா, குழலோடு ஒட்டியிருக்கும் வேறு பொருளா? பகுதி என்றால் அது சாதாரண ரைபிள். வேறு பொருள் என்றால், பதிவில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

முனைக்கருவி மரையில் திருகி இறுக்கப்படுகிறது. மரை ஏன் தளர்கிறது என்பதை 1969இல் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் விளக்கினார். போல்ட்டின் அச்சுக்குக் குறுக்காக அதிர்வு வரும்போது இரு மரைகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. அந்த நேரத்தில் உராய்வின் பிடி போய்விடுகிறது. இதைத் தடுக்கவே த்ரெட் லாக்கர் என்னும் மரைப்பசை. ஹார்ட்ஃபோர்டு நகரின் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953இல் உருவாக்கிய பசையிலிருந்து லாக்டைட் பிறந்தது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது திரவமாகவே கிடக்கும். காற்றில்லாத மரையிடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் இறுகும். வழக்கமான வகைகள் சுமார் 150 பாகை செல்சியஸ் வரை தாங்கும். விடாமல் சுட்டால் குழல்முனையின் சூடு அதைக் கடந்துவிடும். அதனால் துப்பாக்கித் தொழிலில் ராக்செட் என்னும் பீங்கான் வகைப் பசைக்கு மதிப்பு அதிகம். ஆயிரம் பாகை செல்சியஸ் வெப்பத்துக்கும் அசையாத இந்தப் பசை, தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும்.

பசையைப் பற்றி அரிஸ்டாட்டிலும் பேசியிருக்கிறார். ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலின் ஐந்தாம் பகுதியில், தொடர்ச்சியால் ஒன்றாகும் பொருள்களுக்குக் கயிற்றால் கட்டிய கட்டையும் பசையால் ஒட்டிய மரத்துண்டுகளையும் எடுத்துக்காட்டுகிறார். இயற்கையாகத் தொடர்ந்திருப்பவை இவற்றைவிடக் கூடுதலாக ஒன்று என்பது அவர் கருத்து. அவர் தரும் அளவுகோல் இயக்கம்: எதன் இயக்கம் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இருக்கிறதோ அதுவே தொடர்ச்சியுள்ளது. யுங்கர் கண்ட வழுக்கல் இந்த அளவுகோலுக்கு அப்படியே பொருந்துகிறது. மரை தளர்வதென்றால் ஓர் இயக்கம் இரண்டாகப் பிரிவதுதான். அப்படிப் பார்த்தால் பசை பூசிய முனைக்கருவி குழலோடு ஒன்று.

இந்த விடை நிற்காது. மெய்யியலாளர் பீட்டர் வான் இன்வாகன் 1990இல் வெளியிட்ட ‘மெட்டீரியல் பீயிங்ஸ்’ நூலில், தொடுதல், பிணைத்தல், ஒட்டுதல், கலத்தல் என ஒவ்வொன்றாக எடுத்து, எதுவும் தானாக ஒரு புதிய பொருளைப் பிறப்பிப்பதில்லை என்று வாதிட்டார். கைகுலுக்கும் இருவரின் விரல்கள் அப்படியே மரத்துப் பூட்டிக்கொண்டால் அவர்களைப் பிரிக்க முடியாது. ஆனாலும் உலகில் புதிதாக ஒரு பொருள் தோன்றிவிடவில்லை. உயிருள்ளவற்றில் மட்டுமே பகுதிகள் முழுமையாகின்றன என்று அவர் முடிக்கிறார். அதன்படி ரைபிள் என்றே ஒரு பொருள் இல்லை! தேர் என்பது அதன் உறுப்புகளை வைத்து வழங்கும் வெறும் பெயரே என்று பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த அரசனிடம் சொன்னதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

பழைய இந்திய மெய்யியல் மரபுகளில் ஒன்றான வைசேடிகத்தைச் சேர்ந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். பிரியக்கூடிய இரண்டு பொருள்களின் சேர்க்கை சம்யோகம். பிரிவு வந்ததும் அது அழியும், சேர்ந்திருந்தவை அழியாமல் நிற்கும். முழுப்பொருளுக்கும் அதன் உறுப்புகளுக்கும் உள்ள உறவு சமவாயம். நூல்கள் தமக்குள் சம்யோகத்தில் இருக்கின்றன. துணி நூல்களில் சமவாயமாக இருக்கிறது. நூல்களைப் பிரித்தெடுத்தால் துணி எங்கும் மிஞ்சாது. எல்லாச் சேர்க்கையும் முழுப்பொருளைப் பிறப்பிப்பதில்லை என்பதையும் அவர்கள் அறிந்தே இருந்தார்கள்; மேசைமேல் வைத்த கை மேசையோடு சேர்ந்து புதுப்பொருள் ஆவதில்லை. எனவே இவர்கள் பார்வையில் பிடிப்பின் வலு முக்கியமல்ல, பிரித்தபின் எது எஞ்சும் என்பதே முக்கியம்.

அமெரிக்கச் சட்ட நடைமுறை, வைசேடிகம் படிக்காமலே, ஏறக்குறைய இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. முனைக்கருவி நிரந்தரமாகச் சேர்ந்ததாகக் கொள்ள மூன்று வழிகளை அது ஏற்கிறது: சுற்றிலும் வெல்டிங், 1100 பாகை பாரன்ஹீட் அளவில் உருகும் வெள்ளிப் பற்றாசு, துளையிட்டு ஆணி செலுத்தி, ஆணித்தலையை வெல்டிங்கால் மூடுதல். பட்டியலில் பசை இல்லை. வெப்பம் தாங்குவதே அளவுகோல் என்றால் ராக்செட்டும் இடம்பெற்றிருக்க வேண்டும். பற்றாசு உருகும் சூட்டிலும் அது பிடியை விடுவதில்லை. ஆனால் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்தால் குழலும் முனைக்கருவியும் கீறலின்றித் தனித்தனியே வந்துவிடும். அது சம்யோகம். ஆணியும் வெல்டிங்கும் அப்படியல்ல, கடைந்தெடுக்கும்போது முனைக்கருவி கெடும்.

இதுவும் முழுச் சமவாயம் ஆகாது. தேர்ந்த கைவினைஞர் வெல்டிங்கை அரைத்தெடுத்துக் குழலைக் காப்பாற்றிவிடுவார். சட்டத்துக்குத் தேவைப்படுவது அளவு நாடாவை எங்கே முடிப்பது என்ற ஒரே விடை. அதற்குமேல் அந்த ஒருமைக்குப் பொருள் இல்லை. வான் இன்வாகன் தேடியதுபோல எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்க இங்கே காரணமும் இல்லை.

எனவே பசை பூசுவதா வேண்டாமா என்பது எந்தப் பிரிவைத் தடுக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. 16 அங்குலக் குழலில் சாதாரண ஃபிளாஷ் ஹைடருக்கு நசுங்கும் வாஷரும் சரியான முறுக்குவிசையும் போதும். சைலன்சர் தாங்கியின் நிலை வேறு. சைலன்சரைக் கழற்றத் திருகும்போது அதைத் தாங்கும் துண்டும் சேர்ந்து கழன்றுவரலாம். அது பாதி தளர்ந்த நிலையில் சுட்டால் குண்டு சைலன்சரின் உட்தடுப்பில் மோதும். அங்கே ராக்செட் பூசுவது நியாயம். தாங்கி குழலோடு நிற்கும், சைலன்சர் மட்டும் கழலும், குழலை மாற்ற நினைக்கும் நாளில் தண்ணீர் போதும். 14.5 அங்குலக் குழலுக்கு அந்தப் பசை எத்தனை பூச்சு பூசினாலும் நீளக் கணக்கில் சேராது.