உயிர் காக்கும் கருவி யாருடைய உடைமை?

குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று வகுத்த சைவ சித்தாந்திகள், வனைய வேண்டும் என்னும் சங்கற்பம் குயவன் ஒருவனுக்கே உரியதென்று கண்டார்கள். அவ்வாறாயின், அச்சக்கரத்தைப் போலத் தானே ஒன்றையும் நினையாத கணினிச் சில்லைக் குறித்து இன்றைய வல்லரசுகள் இவ்வளவு அச்சமும் பகையும் கொள்வது தர்மத்துக்கு ஒத்ததுதானா என்பது சிந்தனைக்குரிய பிரச்னையாகும்.

இதற்கு விடை காண ஒரு பழைய நிகழ்ச்சி உதவும். 1982 செப்டம்பரில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்காட்டில், காணாமற்போன விமானமொன்றைத் தேடிச் சென்ற சிறு விமானம் தானும் வீழ்ந்தது. அதிலிருந்த அபாய அறிவிப்புக் கருவியின் வானொலி அலையைச் சோவியத் செயற்கைக்கோள் ஒன்று செவிமடுக்க, கோள் நெருங்கும்போது அலையின் அதிர்வெண் சற்றே ஏறுவதையும் விலகும்போது இறங்குவதையும் கணித்து இடத்தை வரையறுத்ததனால், மூவர் உயிர் பிழைத்தனர். சோவியத் நாட்டுக்கு நுண்மின் சாதனங்கள் செல்லாதவாறு கோகோம் என்னும் குழுவின் வாயிலாக மேற்கு நாடுகள் தடை விதித்திருந்த காலம் அது. எனினும் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் 1979லேயே இந்த மீட்புப் பணிக்கென உடன்படிக்கை செய்திருந்தன.

அன்று விமானத்துக்கும் கப்பலுக்கும் கிட்டிய அவ்வசதி இன்று சாமானியனின் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. கோபுர அலை எட்டாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவல்ல கைப்பேசிகளைச் சீனத்து ஹுவாவெயும் அமெரிக்க ஆப்பிளும் 2022 செப்டம்பரில் அறிவித்தன; மறுமாதம் 7ஆம் தேதியே, உயர்தரச் சில்லுகளும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் சீனாவுக்குச் செல்வதை அமெரிக்கா கட்டுப்படுத்தியது. 2023 ஆகஸ்டில் காலியம், ஜெர்மானியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா அனுமதி முறை விதித்தது. அம்மாத இறுதியில் செயற்கைக்கோள் வழியாகப் பேசவும் இடந்தரும் மேட் 60 ப்ரோ கைப்பேசியை ஹுவாவெய் வெளியிட்டபோது, வாஷிங்டனை வாட்டிய கேள்வி, அதனுள் இருந்த 7 நானோமீட்டர் சில்லைச் சீனா எவ்வாறு செய்தது என்பதே.

அரசுகளின் அச்சம் ஆதாரமற்றதன்று. வழி தவறியவனை இருக்குமிடம் கண்டு மீட்கும் அதே கணிதம், பகைவனை இருக்குமிடம் கண்டு அழிக்கவும் வல்லது. கருவியை ஏந்துபவனின் உள்ளத்தை அறிய இயலாத அரசு, துணைக்காரணமான சில்லையாவது பூட்டிவைக்க முயல்வது இயல்பே. ஆனால் அபயக்குரல் கேட்ட கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது. கேட்கும் ஆற்றலாக மட்டும் இருக்கும்வரை அது ஒருவனுடைய உடைமை. கேட்டபின்போ அது அவன்மேல் விழுந்த கடன். துன்புறும் ஜீவனைக் கண்டபோது உண்டாகும் உருக்கத்துக்கு வள்ளலார் காரணமாகச் சொன்ன ஆன்ம உரிமை, குடியுரிமைக்கு முற்பட்டது. உலகெங்கும் செவி நீட்டும் சாதனத்தைப் படைத்தவன் தன் கடமையை மட்டும் தன் நாட்டு எல்லையோடு நிறுத்திக்கொள்ள நியாயமில்லை.

ஆதலின், சில்லைச் சரக்காக நினைத்து நாடுகள் காத்துக்கொள்ளட்டும், விற்கட்டும், மறுக்கட்டும். ஆனால் அபாயக் குறிப்பின் அலைவரிசையும், அதைக் கேட்கும் கடமையும், கேட்டதை அருகிலுள்ள மீட்போருக்கு உடனே அறிவிக்கும் ஏற்பாடும் வாணிபப் பிணக்குக்கு அப்பாற்பட்டவை என எல்லா அரசுகளும் பிரதிக்ஞை செய்தல் வேண்டும். அணு ஆயுதங்களைக் குறிவைத்து எதிரெதிரே நின்றவர்களுக்கே அது சாத்தியமாயிற்றென்றால், நம் காலத்து ஆட்சியாளர்கள் அதைச் செய்யாதிருக்கச் சொல்லும் சமாதானம் எதுவும் தர்மத்தின் முன் நிற்காது.