ஆக்கும் அறிவும் காக்கும் உள்ளமும்

மாணவர் எழுதும் கட்டுரைகள் ஒரு வகையில் ஆசிரியரின் தேர்வுத் தாள்களே ஆகும். நாம் எதைக் கற்பித்தோம் என்பதை மட்டுமன்றி, எதைக் கற்பிக்க மறந்தோம் என்பதையும் அவை காட்டிவிடுகின்றன.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்க்கு ‘என் மனங்கவர்ந்த வீரர்’ என்னும் தலைப்பில் கட்டுரைப் பயிற்சி கொடுக்கப்பட்டது. பெரும்பாலோர் நாட்டுத் தலைவர்களைப் பற்றியும் விளையாட்டு வீரர்களைப் பற்றியும் எழுதினர். ஒரு மாணவன் மட்டும் இரண்டு வால்களை உடைய ஒரு நரிக்குட்டியைப் பற்றி எழுதியிருந்தான். அது விமானம் ஓட்டுமாம், இயந்திரங்கள் செய்யுமாம், பயப்படுமாம், பயந்தாலும் செய்யுமாம்.

வகுப்பாசிரியை அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். “ஐயா, எழுத்துப் பிழைகள் அதிகம் இல்லை. ஆனால், இது உண்மையான வீரர் இல்லையே. காணொளி விளையாட்டில் வரும் பொம்மை. இதற்கு எப்படி மதிப்பெண் கொடுப்பது?” என்று கேட்டார்.

அந்த வினாவுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. மாணவனை அழைத்து விசாரித்தேன். அவன் சற்றும் தயங்காமல் சொன்னான்: “ஐயா, வீட்டில் அண்ணன்தான் சோனிக். நான் டெய்ல்ஸ். நான் விழுந்துவிட்டால் ஆட்டம் முடியாது. மறுபடியும் பறந்து வந்து அண்ணனோடு சேர்ந்துகொள்வேன்.”

அந்தச் சிறுவனின் சொற்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. அச்சிந்தனையின் விளைவே இக்கட்டுரை.

யார் இந்த வீரன்?

ஜப்பானின் சேகா நிறுவனம் 1991ஆம் ஆண்டில் ‘சோனிக்’ என்னும் நீலநிற முள்ளெலியை நாயகனாகக் கொண்டு ஒரு விளையாட்டை வெளியிட்டது. மின்னலென ஓடுவதே அவன் ஆற்றல். அடுத்த ஆண்டே, 1992இல், இரண்டாம் விளையாட்டு வெளிவந்தபோது அவனுக்கு ஒரு துணைவன் வாய்த்தான். யாசுஷி யாமகுச்சி என்பார் வரைந்த அந்தத் துணைவனே டெய்ல்ஸ் என்னும் நரிக்குட்டி. அவனது இயற்பெயர் மைல்ஸ் பிரவர். ஒரு மணி நேரத்தில் எத்தனை மைல் என்று வேகத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை ஒலிக்கச் செய்யும் சிலேடை அது. வயது எட்டு.

இரண்டு வால்களோடு பிறந்த காரணத்தால் பிறர் அவனை எள்ளி நகையாடினர் என்பது அவன் கதை. எந்தக் குறைக்காக ஏளனம் செய்யப்பட்டானோ, அதையே அவன் தன் ஆற்றலாக மாற்றிக்கொண்டான். இரு வால்களையும் விசிறி போலச் சுழற்றி வானில் பறந்தான். பின்னர் வந்த விளையாட்டுகளில் அவன் கைத்திறன் மேலும் மேலும் விரிவாகக் காட்டப்பட்டது. விமானங்களைச் சீரமைத்தான், புதியன ஆக்கினான், நடக்கும் இயந்திரங்களையும் ஆராய்ச்சிக் கருவிகளையும் உருவாக்கினான்.

நம் கதைகளில் நரி என்றாலே தந்திரம் என்று பொருள். இந்த நரியோ சூதறியாதது. ஆயினும் நாம் இங்கே கருத வேண்டியது அவனுடைய சூதின்மையை மட்டுமன்று. அவனுக்கு எதிராக நிற்பவரையும் சேர்த்துக் கருதினால்தான் உண்மை விளங்கும்.

இரண்டு புனைவாளர்

இந்தக் கதையில் புனைவாளர் ஒருவர் அல்லர், இருவர். ஒருவன் இந்தச் சிறுவன். மற்றவர் டாக்டர் எக்மேன். மேலை நாடுகளில் டாக்டர் ரோபோட்னிக் என்னும் பெயரால் முதலில் அறியப்பட்டவர். அவருடைய நுண்ணறிவு எண் 300 என்று கதை கூறுகிறது. வான்வெளியில் மிதக்கும் கோட்டையையே கட்டவல்லவர் அவர்.

அறிவில் இருவரும் ஒரே இனத்தவர். திருகாணியும் கம்பியும் இருவர் கையிலும் ஒன்றுபோலவே பணி செய்கின்றன. அப்படியாயின், ஒருவனை வீரன் என்றும் மற்றவரைக் கொடியவர் என்றும் எதனால் பிரிக்கிறோம்?

விடை அந்த முதல் விளையாட்டிலேயே இருக்கிறது. டாக்டர் எக்மேன் செய்யும் இயந்திர விலங்குகள் தாமாக இயங்குவதில்லை. ஒவ்வோர் இயந்திரத்தின் உள்ளேயும் ஓர் உயிருள்ள சிறு விலங்கு அடைக்கப்பட்டிருக்கிறது. சோனிக் அந்த இயந்திரத்தை உடைக்கும்போது, ஒரு முயலோ பறவையோ வெளியே துள்ளி ஓடுகிறது. விளையாடும் குழந்தை அதைக் கண்டு மகிழ்கிறது. சிந்திக்கும் ஆசிரியர் அதைக் கண்டு திடுக்கிட வேண்டும். ஏனெனில், அந்த டாக்டரின் குற்றம் இயந்திரம் செய்ததன்று. உயிரை இயந்திரத்தின் உறுப்பாக்கியதே அவர் குற்றம்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட அறவியல் நூலில், மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்னும் நெறியை நிறுவினார். ஒருவர் மற்றவர்க்கு உதவுவதை அவர் மறுக்கவில்லை. உதவி பெறும்போதும் அந்த மற்றவர் தனக்கென ஒரு மதிப்பு உடையவர் என்பதை மறந்துவிடுவதையே அவர் கண்டித்தார். மனிதர்க்காக அவர் வகுத்த அந்நெறியை உயிர்கள் அனைத்துக்கும் விரித்துப் பார்த்தால், முயலை இயந்திரத்துக்குள் அடைத்த டாக்டரின் செயல் எத்துணைக் கொடியது என்பது புலனாகும்.

நரிக்குட்டியின் வழி இதற்கு நேர்மாறானது. அவன் ஆக்கிய விமானம் தோழனை ஏற்றிச் செல்கிறது. இரண்டாம் விளையாட்டின் முடிவில், வானத்துக் கோட்டையிலிருந்து விழும் சோனிக்கை அவன் ஓட்டி வரும் விமானமே தாங்கிக்கொள்கிறது. அங்கே உயிருக்காக இயந்திரம். இங்கே இயந்திரத்துக்காக உயிர். ஒப்புரவு என்று நம் முன்னோர் போற்றிய பண்புக்கும் தன்னலத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆகவே, எந்தப் புனைவாளனைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய முதல் வினா, ‘நீ எத்தகைய கருவியைச் செய்தாய்?’ என்பதன்று. ‘அதைச் செய்வதற்கு யாரைக் கருவியாக்கினாய்?’ என்பதே.

நல்லுள்ளம் மட்டும் போதுமா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நல்லவனாக இருந்தால் போதுமா, விழிப்பு வேண்டாவா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே.

2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சோனிக் அட்வெஞ்சர் 2’ என்னும் விளையாட்டில் இதற்கு ஒரு காட்சி உண்டு. பேராற்றல் வாய்ந்த மணிக்கல் ஒன்றைப் போலவே ஒரு போலிக் கல்லை டெய்ல்ஸ் ஆக்குகிறான். டாக்டரோ ஐயுற்று, போலிக் கல்லைக் காட்டி என்னை ஏமாற்ற எண்ணினாயா என்று கேட்கிறார். உடனே சிறுவன், அது போலி என்று உமக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டுவிடுகிறான். இப்போது நீ சொல்லித்தான் தெரிந்தது என்கிறார் டாக்டர். சிறுவனின் வெள்ளையுள்ளமே அவனைக் காட்டிக்கொடுத்தது.

அறிவு உண்டு, அன்பு உண்டு, ஆனால் முன்யோசனை இல்லை. இக்குறையை மறைக்க வேண்டியதில்லை. எட்டு வயதில் ஒருவன் பொய்யில் தேர்ச்சி பெற்றிருந்தால் நாம் மகிழ மாட்டோம், வருந்துவோம். முன்யோசனையைப் பின்னர்க் கற்பிக்கலாம். இழந்த வெள்ளையுள்ளத்தை மீண்டும் கற்பிக்க எந்தப் பாடநூலாலும் இயலாது. மேலும், விண்வெளியில் வீசப்பட்ட சோனிக் உயிர் பிழைத்ததும் அந்தப் போலிக் கல்லின் துணையால்தான். அன்பினால் செய்த வேலை, எண்ணியவாறு நடவாதபோதும், வீண்போகவில்லை.

நிழலில் நிற்பவன்

இனி, இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. இந்தச் சிறுவன் எப்போதும் மற்றொருவன் நிழலில் நிற்பவன் அல்லவா? தன் காலில் நிற்க அறியாதவனை வீரன் எனலாமா?

1998ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வெளிவந்த ‘சோனிக் அட்வெஞ்சர்’ என்னும் விளையாட்டு இக்கேள்வியையே அவன் கதையாக அமைத்தது. அதுவரை எல்லாவற்றுக்கும் அவன் சோனிக்கையே நம்பியிருந்தான். ஒரு நகரத்தின்மீது டாக்டர் ஏவிய ஏவுகணை விழுந்து, வெடிக்காமல் கிடக்கிறது. அதை வெடிக்கச் செய்ய டாக்டர் நேரே புறப்பட்டு வருகிறார். சோனிக் அருகில் இல்லை. அழைத்து வரவும் நேரமில்லை. அஞ்சியபடியே சிறுவன் தனியே எதிர்த்து நிற்கிறான், வெல்கிறான்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அது எளிய நீதிக்கதையாகிவிடும். 2017இல் வெளிவந்த ‘சோனிக் ஃபோர்சஸ்’ என்னும் விளையாட்டில், பகைவன் எதிரே வந்தபோது அதே டெய்ல்ஸ் ஒடுங்கி, சோனிக்கை அழைத்துக் கதறுகிறான். 2022இல் வந்த ‘சோனிக் ஃபிரான்டியர்ஸ்’ என்னும் விளையாட்டில், ஒருகால் துணிந்தும் ஒருகால் துவண்டும் தான் நிலையின்றி இருப்பதை அவனே தோழனிடம் மனம் திறந்து சொல்கிறான். பின்னர், தனித்துச் சென்று தன்னை அறிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்கிறான்.

இது கதையாசிரியர்களின் முரண்பாடு என்று சிலர் கூறக்கூடும். நான் இதில் வாழ்க்கையின் உண்மையைக் காண்கிறேன். துணிவு என்பது ஒருமுறை பெற்று என்றும் வைத்துக்கொள்ளும் சான்றிதழ் அன்று. நேற்றுத் துணிந்தவன் இன்று நடுங்கலாம். நடுங்கியவன் நாளை எழலாம். சென்ற ஆண்டு மேடையில் முழங்கிய மாணவி இவ்வாண்டு வாய் திறக்க அஞ்சுவதை நாம் காண்பதில்லையா? அவளைக் கண்டிப்பதால் பயன் இல்லை. விழுந்தாலும் ஆட்டம் முடியாது என்று அவளுக்குக் கூற வேண்டும்.

துணை நிற்பது இழிவன்று என்பதையும் நாம் உணர வேண்டும். பிறர் நிழலில் என்றும் ஒளிந்திருப்பது வேறு. தேவையானபோது தனித்து நிற்கவும் ஆற்றல் பெற்று, விரும்பித் துணை நிற்பது வேறு. முன்னது அடிமைத்தனம், பின்னது தோழமை.

என் குற்றம்

இவ்வளவும் எழுதியபின் என் மனச்சான்று என்னை ஒரு வினா கேட்கிறது. அதை மறைத்தால் இக்கட்டுரை போலியாகிவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், காலைச் சபைகூடலின்போது ஒலிபெருக்கி திடீரென நின்றுவிட்டது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வரிசையை விட்டு மேடைக்குப் பின்னால் ஓடினான். படிப்பில் பின்தங்கியவன், தேர்ச்சி விழுக்காட்டைக் குறைப்பவன் என்று நாங்கள் கணக்கிட்டு வைத்திருந்தவன். சிறிது நேரத்தில் ஒலி மீண்டும் வந்தது. சரிந்து கிடந்த கம்பியை அவன் இணைத்திருந்தான். நானோ, அந்த ஒலிபெருக்கியிலேயே அவன் பெயரைச் சொல்லி, வரிசையை விட்டு ஏன் ஓடினாய் என்று கடிந்துகொண்டேன். “சத்தம் வரவில்லை, ஐயா. அதனால்தான்...” என்றான். மேலே சொல்ல நான் விடவில்லை.

ஆண்டிறுதியில் பரிசளிப்பு விழா நடந்தது. சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள் மேடை ஏறினர். அவன் கீழே அமர்ந்து கைதட்டினான். அன்றும் அந்த ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்தது.

டாக்டர் எக்மேன் முயலையும் பறவையையும் இயந்திரத்துக்குள் அடைத்தார். பள்ளியின் பெயர் என்னும் இயந்திரத்தை ஓட்ட நான் மாணவரின் மதிப்பெண்களைப் பயன்படுத்தினேன். அந்த இயந்திரத்துக்குப் பயன்படாதவனை நான் காணவே இல்லை. ‘யாரைக் கருவியாக்கினாய்?’ என்னும் வினா முதலில் எனக்கே உரியது.

நாம் செய்ய வேண்டியது

இன்று நம் தமிழ்ப் பள்ளி மாணவர் அறிவியல் புத்தாக்கப் போட்டிகளில் பங்கேற்று, அனைத்துலக அரங்குகளிலும் பதக்கங்கள் வென்று வருகின்றனர். நெஞ்சு நிமிரத்தக்க செய்தி இது. ஆயினும், பதக்கத்துக்காக மாணவனா, மாணவனுக்காகப் பதக்கமா என்பதை நாம் இடையறாது கேட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியர் செய்து கொடுத்த கருவியின் அருகில் மாணவனை நிறுத்திப் படம் பிடிப்பது எளிது. அவனே செய்து, அவனே தவறி, அவனே திருத்தும்வரை காத்திருப்பது அரிது. யாருடைய துன்பம் தீர இதைச் செய்தாய் என்று அவனைக் கேட்பது அதனினும் அரிது.

காணொளி விளையாட்டுகளில் பிள்ளைகள் பொழுதெல்லாம் கழிக்கட்டும் என்று நான் கூற வரவில்லை. எதற்கும் அளவு வேண்டும். ஆனால், நம் பிள்ளைகள் யாரை வீரன் எனக் கொண்டாடுகின்றனர் என்பதைக் கேட்டறியாமலே தள்ளிவிடுவது ஆசிரியர்க்கு அழகன்று.

வகுப்பாசிரியையை மறுநாள் அழைத்து, “உண்மையான வீரரா என்று பார்க்க வேண்டாம், ஆசிரியை. உண்மையான காரணம் கூறியிருக்கிறானா என்று பாருங்கள்,” என்றேன். அவர் ஏட்டை மீண்டும் படித்தார். நல்ல மதிப்பெண் கொடுத்தார். அடியில் சிவப்பு மையில் ஒரு வரியும் எழுதினார்: ‘நீ என்ன செய்யப் போகிறாய்? யாருக்காக?’

அந்த வினாவுக்கு மாணவன் இன்னும் விடை எழுதவில்லை. எழுதும் நாள்வரை காத்திருப்பதும், அதுவரை அவன் கையிலுள்ள திருகாணியைப் பிடுங்காதிருப்பதும் நம் கடமையாகும்.