பிடி கழன்ற இரும்பு

ஆதாரம்: உபாகமம் 19:5, 2 தீமோத்தேயு 4:11

இந்த மாதம் ஒரு துருப்பிடித்த அரிவாளைப் பற்றிப் பேசப்போகிறேன். அரிவாள் என்றதும் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறதா? வேண்டாம். வேலிமுள் வெட்டவும், இளநீர் சீவவும், விறகு தறிக்கவும் வீட்டில் கிடக்கிற அரிவாளைத்தான் சொல்கிறேன். கூரையிலே சொருகி வைத்து இரண்டு மழைக்காலம் மறந்துபோனோம். எடுத்துப் பார்த்தால் செம்மண் நிறம். பிடி கையோடு வந்துவிடுகிறது. உடனே என்ன சொல்றோம்? “பேரீச்சம்பழத்துக்குப் போடு!”

பிரியமானவர்களே, அவசரப்படாதிருங்கள். ஆடிக்கொண்டிருக்கிற பிடியை முதலில் கழற்றுங்கள். அலகை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு லேசாய்த் தட்டிப் பாருங்கள. கணீரென்று ஒலித்தால் இரும்பு இன்னும் நல்ல இரும்புதான். சத்தம் செத்து வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. அது கொல்லன் உலைக்குப் போகவேண்டியது. வெளியே தெரிகிற துருவை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

செம்பில் களிம்பு பிடித்தால் அது ஒரு மூடியைப்போல உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்புத் துருவோ அப்படியல்ல. அது உப்பும், பொருக்காய் உதிரும், உதிர்ந்த இடத்தில் ஈரமும் காற்றும் மறுபடி உள்ளே போகும். உப்புக்காற்று வீசுகிற கடற்கரை ஊர்க்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதிலும் மோசமான துரு எங்கே இருக்கும் தெரியுமா? மரப்பிடிக்குள்ளே போயிருக்கிற வாலில்! அலகைப் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார்கள். மரம் குடித்த ஈரத்தில் உள்ளே வால் பாதியாய்க் கரைந்திருக்கும். பிடியைக் கழற்றாமல் அதை ஒருவரும் காணமுடியாது.

துருவை எடுப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து, கடைசியில் உப்புத்தாள் போடலாம். புளித்தண்ணீரிலும் போடலாம். புளிப்பு துருவைத் தின்னும். ஆனால் எடுக்க மறந்தால் நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பித்துவிடும். (விழுந்துபோன ஒருவனைக் கடிந்துகொள்கிற மூப்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும்!) கழுவினவுடன் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் விடிவதற்குள் மறுபடியும் சிவந்திருக்கும். துரு தின்ற குழிகள் போகாது. போகாவிட்டால் என்ன? குழியுள்ள அரிவாளும் விறகு தறிக்கும்.

இங்கேதான் நாம் அவசரப்படுகிறோம். பிடி போடுவதற்கு முன்னே கூர் தீட்டப் போகிறோம். அதுவும் மோட்டார் சாணையில்! பொறி பறக்கும், பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் சூடு ஏறி, ஏறக்குறைய 300 டிகிரியில் விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் கொல்லன் ஏற்றின பதம் இறங்கிவிடும். பார்வைக்குக் கூர், நாலு வெட்டில் மடங்கும். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கும் இதே கதிதான். தண்ணீர் விட்டு, கல்லில் மெதுவாய்த் தீட்டுகிறவனை வேடிக்கை பார்க்க ஆள் வராது. எழுப்புதல் கூட்டங்களிலும் பொறியைப் பார்த்து ஏமாந்துபோகாதிருங்கள், தேவபிள்ளைகளே. மழுங்கின இரும்புக்கு அதிக பலம் செலவாகும் என்று பிரசங்கி 10:10 சொல்லுகிறது. தொண்டை கிழியக் கத்துகிற என்னைப்போன்ற பிரசங்கிமாருக்கும் அந்த வசனம் உண்டு!

பிடிதான் முதலில். நன்றாய்க் காய்ந்த கருவேலமோ பூவரசோ எடுத்து, வால் இறுக்கமாய்ப் போகிற அளவுக்குத் துளையிட்டு, அரக்கை உருக்கி விட்டு அடித்து இறக்குவார்கள். வாய்ப்பக்கம் மரம் பிளக்காதபடி இரும்புப் பூண் போடுவார்கள். வாலைச் சூடாக்கி இறக்குகிறவர் அலகில் ஈரத்துணி சுற்றிக்கொள்வார், பதம் கெடக்கூடாதே! பச்சை மரம் உதவாது. இன்று இறுகினதாய்த் தெரியும்; காய்ந்து சுருங்கினபின் ஆடும்.

ஆடினால் என்ன? உபாகமம் 19:5 வாசித்துப் பாருங்கள். இரண்டுபேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்குள் பகையில்லை. ஓங்கின வேகத்தில் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று தோழன்மேல் பட்டு, அவன் சாகிறான். வெட்டினவனுக்கு அடைக்கலப்பட்டணம் உண்டு. செத்தவனுக்கு? அந்த இரும்பு துருவாயிருந்தது என்று வேதம் சொல்லவில்லை. பிடியில் நிற்கவில்லை, அவ்வளவுதான். துருப்பிடித்தது ஒருவேளை வெட்டாது. கூர் தீட்டியும் பிடியில் நில்லாததோ பக்கத்தில் நிற்கிற சகோதரனை வெட்டும்.

2 இராஜாக்கள் 6ல் யோர்தானில் விழுந்த இரவல் கோடரியை எலிசா மிதக்கப்பண்ணினார். அல்லேலூயா! ஆனால் அதை மறுபடி காம்பில் பொருத்தினதைப்பற்றி ஒரு வசனமும் இல்லை. அது அற்புதம் அல்ல, உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை.

மாற்கு என்னும் யோவான் பம்பிலியாவிலே பவுலை விட்டுத் திரும்பிப்போனான் (அப்போஸ்தலர் 13:13). அடுத்த பிரயாணத்துக்குப் பவுல் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பர்னபாவோ அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே என்ன நடந்தது என்று எழுதப்படவில்லை. பல வருஷம் கழித்து, தன் முடிவு நெருங்கிவிட்டதை அறிந்த பவுல், மாற்கு ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

நம்முடைய சபையிலும் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் அவர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சிலரோ அடுத்த ஞாயிறே சாட்சி சொல்லு, பாட்டு நடத்து என்று மைக்கைக் கையில் கொடுக்கிறோம். இரண்டும் வேண்டாம், அய்யா. இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போங்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள். கடன் இருக்கிறதா, வீட்டில் சமாதானம் இருக்கிறதா என்று கேளுங்கள். முழங்காலில் நின்று சேர்ந்து ஜெபியுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.