உப்பளக் கரையில் ஓர் உபநிஷதப் பாடம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாசி மகத்தில் உத்ஸவ மூர்த்திகள் கடலாட எழுந்தருளும் கீழைக் கடற்கரையில் மரக்காணம் மிகத் தொன்மையானதோர் ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். இன்று இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவன உப்பளங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தொழிலாளர்கள் பாத்திகளைச் செப்பனிட்டு, உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலிலே வற்றவிட்டு, படிந்த உப்பை வாரி வரப்புகளில் குவிக்கின்றனர். திருவிழாவுக்கு வரும் யாத்ரிகர்கள் அவ்வெண்குவியல்களைக் கண்டவாறே கடந்து செல்கின்றனர். அத்தகைய உப்பில் ஒரு கட்டியைக் கொண்டு வேதாந்தத்தின் உட்பொருளை உணர்த்தினார் ஒரு தந்தை. கேட்ட மகனோ, கல்வியை முற்றக் கற்றுத் தேர்ந்ததாக எண்ணிக்கொண்டு வீடு திரும்பியவன்.

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாவது ப்ரபாடகம் இவ்வரலாற்றைக் கூறுகிறது. உத்தாலகர் தம் மகன் ச்வேதகேதுவைப் பன்னிரண்டாம் வயதில் குருகுலத்திற்கு அனுப்பினார். இருபத்து நான்காம் வயதில் வேதங்கள் அனைத்தையும் ஓதி அவன் திரும்பினான்; கூடவே கர்வத்தையும் கொண்டுவந்தான். தந்தை கடிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். எதனை அறிந்தால் கேளாதது கேட்டதாகுமோ, நினையாதது நினைத்ததாகுமோ, அதனை ஆசார்யரிடம் கேட்டாயா என்பதே அக்கேள்வி. மகன் திகைத்தான். தன் ஆசிரியர்கள் அதனை அறிந்திருக்க மாட்டார்கள், அறிந்திருந்தால் சொல்லியிருப்பார்களே என்று கூறித் தந்தையின் முன் மாணவனாக அமர்ந்தான்.

இந்தக் காட்சி இன்று பல இல்லங்களில் வேறு உருவில் நிகழ்கிறது. மகனோ மகளோ சமயத்தையே பாடமாக எடுத்துப் பல்கலைக்கழகத்தில் பயில விரும்புகின்றனர். பெரியோர்க்கு இரண்டு கவலைகள் எழுகின்றன. பக்தி என்பது தேர்வெழுதிப் பட்டம் பெறும் பொருளா? பிற மதங்களையும் மாற்றுக் கருத்துக்களையும் ஒரே வகுப்பில் கேட்டால் குலதனமான நம்பிக்கை குலைந்துவிடாதா? இவை புறந்தள்ளத்தக்க ஐயங்கள் அல்ல. நிதானமாக ஆராய்ந்து விடை காண வேண்டியவை.

சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் 1857ஆம் ஆண்டில் தோன்றின. ஆங்கில அரசு சமய போதனையில் ஒதுங்கி நிற்பதாகச் சொல்லிக்கொண்டமையால், சமயக் கல்வி மடங்களிலும் பாடசாலைகளிலும் திண்ணைக் காலக்ஷேபங்களிலுமே நிலைபெற்றது. நாடு விடுதலை பெற்றபின் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு இதனைக் கருத்தூன்றி நோக்கியது. முதலாண்டில் சமயப் பெரியோர்களின் வரலாறு, இரண்டாம் ஆண்டில் உலகச் சமய நூல்களின் தேர்ந்த பகுதிகள், மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்கள் என்று பட்டப்படிப்பின் மூன்றாண்டுகளுக்கும் அக்குழு வழி வகுத்தது. முற்றிலும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவு. ஆயினும் சமய போதனை வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் தெளிவுபடுத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வைணவம், சைவ சித்தாந்தம், கிறித்தவம், சமணம், இஸ்லாம் ஆகியவற்றிற்கெனத் தனித்தனியே கல்வித் துறைகள் அமைந்தன. பிரபந்தமும் பாஷ்யமும் பட்டப்படிப்புக்குரிய பாடங்களாயின.

மாற்றுக் கருத்தைக் கேட்டால் பக்தி கெடும் என்று அஞ்சுவோர் எம்பெருமானாரின் இளமையை நினைவுகூர வேண்டும். அவர் காஞ்சியில் எவரிடம் பயின்றார்? தம் திருவுள்ளத்துக்கு இசையாத கொள்கையுடைய யாதவப்ரகாசரிடம். எம்பெருமானின் திருக்கண்களைப் பற்றிய ஒரு சொல்லுக்கு ஆசிரியர் இழிந்த உவமை கூறியபோது, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் வெந்நீராய் வீழ்ந்தது என்று குருபரம்பரை கூறும். அந்த வகுப்பு அவருடைய பக்தியைக் குலைக்கவில்லை. எதற்கு மறுமொழி கூற வேண்டும் என்பதை அவருக்குக் காட்டிக்கொடுத்தது. பிற்காலத்தில் அந்த யாதவப்ரகாசரே எம்பெருமானாரின் சிஷ்யராகி, கோவிந்த ஜீயர் என்ற திருநாமம் பெற்றார் என்பது ஸம்ப்ரதாயம்.

அவ்வாறு பயின்ற பயனை ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே காணலாம். தம் ஸித்தாந்தத்தை நிறுவுவதற்கு முன் எதிர்க்கட்சியாரின் வாதத்தை மஹாபூர்வபக்ஷமாக மிக விரிவாக எடுத்து வைக்கிறார் பாஷ்யகாரர். எதிரியே வந்து சொன்னாலும் அவ்வளவு திறம்படச் சொல்வாரோ என்று ஐயுறும்படி அது அமைந்துள்ளது. மரக்காணத்திற்குத் தெற்கே, புதுச்சேரியைக் கடந்து, கடலூரை அடுத்துள்ள திருவயிந்திரபுரத்தில் எழுந்தருளியிருந்த ஸ்வாமி தேசிகனும் அவ்வழியே நின்றார். பரமதபங்கம் என்னும் நூலில் பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். படிக்காமல் அவற்றை எவ்வாறு ஆராய முடியும்? கல்வியின் தெய்வமாகிய ஹயக்ரீவன் அவருக்கு ப்ரத்யக்ஷமானதும் அத்தலத்து மலையிலேதான் என்பர். பிறர் கூறுவதை அவர் கூறுமாறே விளங்கிக்கொள்வது பல்கலைக்கழக ஆய்வின் முதல் நெறி. பூர்வாசார்யர்களின் மரபில் அதன் பெயர் பூர்வபக்ஷம்.

இந்நெறியால் விளைந்த நன்மையும் கண்கூடு. புதுச்சேரியில் 1955இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த ழான் ஃபிலியோசா, ஆண்டாள் அருளிய திருப்பாவையைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து 1972இல் வெளியிட்டார். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கார்மன் 1974இல் எம்பெருமானாரின் தத்துவத்தைப் பற்றிப் பெருநூல் எழுதினார். அவரும் தமிழ்ப் பெண்மணியாகிய பேராசிரியர் வசுதா நாராயணனும் இணைந்து, திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படியை ஆராய்ந்து 1989இல் நூல் வெளியிட்டனர். கிறித்தவத் துறவியாகிய ஃபிரான்சிஸ் குளூனி திருவாய்மொழியையும் அதன் வியாக்யானங்களையும் ஆழக் கற்று 1996இல் நூல் செய்தார். வேற்று நாட்டாரும் வேற்று மதத்தாரும் இவ்வளவு பாடுபட்டுக் கற்கும் ஈட்டையும் படிகளையும், அவற்றுக்கு உரிமையுடைய குடியிற் பிறந்தோர் திறந்தும் பாராதிருத்தல் முறையாகுமா?

ஆனால் கல்வி இங்கே முடிந்துவிடுவதில்லை. உத்தாலகரின் பாடம் இனிமேல்தான் தொடங்குகிறது. ஓர் உப்புக் கட்டியை நீரில் இட்டு மறுநாட்காலை வருமாறு மகனைப் பணித்தார். மகன் வந்ததும், இட்ட உப்பை எடுத்துத் தரச் சொன்னார். ச்வேதகேது துழாவிப் பார்த்தான், அகப்படவில்லை. மேலே எடுத்துப் பருகச் சொன்னார், உவர்த்தது. நடுவில் பருகச் சொன்னார், உவர்த்தது. அடியிலும் அவ்வாறே. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத உப்பு நாவுக்கு எட்டியது. அவ்வாறே எங்கும் உள்ளுறைந்து நிற்கும் ஸத்தாகிய பரம்பொருள் காணப்படாவிடினும் இங்கேயே உள்ளது என்று தெளிவித்தார். உப்பு கலந்தமையால் நீர் இல்லாமற் போகவில்லை. நீர் நீராகவே இருக்க, உப்பு அதன் ஒவ்வொரு துளியிலும் நிறைந்தது. சேதநாசேதநங்கள் அனைத்தையும் சரீரமாகக் கொண்டு எம்பெருமான் அவற்றுள் ஆத்மாவாய் நிறைந்திருக்கிறான் என்னும் சரீர-சரீரி பாவத்தை ஒருவாறு மனத்திற் கொள்ள இவ்வுவமை துணை செய்கிறது.

தந்தை முதலிற் கேட்ட கேள்வியில் ‘ஆதேசம்’ என்றொரு சொல் வருகிறது. அதற்கு உபதேசம் என்று பொருள் கொண்டோர் உண்டு. எம்பெருமானாரோ, அனைத்தையும் நியமிக்கும் ஆண்டவனையே அச்சொல் குறிக்கும் என்று அருளிச்செய்தார். அப்படியானால் அக்கேள்வியின் கருத்து ஆழமாகிறது. இத்தனை நூல்களைக் கற்றாயே, அவற்றையெல்லாம் ஆள்பவனைப் பற்றிக் கேட்டாயா என்பதே அது. நூலின் காலம், பாட பேதம், சொற்பொருள், வரலாறு ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் செவ்வனே கற்பிக்கும். உப்பின் நிறையையும் நிறத்தையும் அது காட்டும். பருகிப் பார்த்தல் அவரவர் நாவுக்குரியது. ஆசார்ய ஸம்பந்தமும், திருவாராதனமும், அடியார்க்குச் செய்யும் கைங்கர்யமுமே அந்தச் சுவையறிவைத் தரும்.

உப்பளத் தொழிலாளர்கள் அறிந்த மற்றொரு செய்தியும் உண்டு. உப்புப் படிந்தபின் பாத்தியில் கசப்பான நீர் எஞ்சி நிற்கும். அதனை உரிய காலத்தில் வடித்துவிடாவிட்டால் நல்ல உப்பும் கைத்துப்போகும். கல்வி படிந்த உள்ளத்தில் எஞ்சி நிற்கும் கசப்பு நீர் அஹங்காரம். ச்வேதகேதுவின் பன்னிரண்டாண்டுக் கல்வி வீணன்று. வடியாத கர்வமே அவனுக்குக் குறையாக இருந்தது. தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட கணத்தில் அது வடிந்தது.

இதில் இளைஞரைவிடப் பெரியோர்க்கே பொறுப்பு மிகுதி. உத்தாலகர் மகனின் கல்வியைப் பழிக்கவில்லை. குருகுலத்துக்கு அனுப்பியதற்காக வருந்தவும் இல்லை. அவன் திரும்பி வந்தபோது கேட்பதற்கு அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. சொல்வதற்கு விடையும் இருந்தது. இன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஐயங்களோடு திரும்பும் பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பது கோபமும் மௌனமும் மட்டுமானால், அவன் நம்பிக்கை தளர்ந்ததற்குப் பல்கலைக்கழகத்தைக் குறை கூறிப் பயனில்லை. நாள்தோறும் ஒரு பாசுரமேனும் பொருளுணர்ந்து ஸேவிக்கும் இல்லத்தில் வளர்ந்த பிள்ளை எந்த வகுப்பிலும் அஞ்சாமல் அமர்வான். எந்தக் கேள்வியையும் வீட்டுக்கே கொண்டுவருவான்.

தீர்த்தவாரி கண்டு, கடலாடி, உதட்டில் உவர்ப்போடு கரையேறும் அன்பர்கள் அச்சுவையோடு இப்பாடத்தையும் இல்லத்திற்குக் கொண்டு செல்வார்களாக. கற்கும் பிள்ளைகளுக்கு நல்லறிவும், கற்பிக்கும் பெரியோர்க்கு நற்பொறுமையும் அருளிக் கடல்வண்ணனாகிய எம்பெருமான் காப்பானாக.

சுபம்