மூச்சு யாருடையது?

நாமக்கல்லில் மேற்கூரையின்றி, 18 அடி உயரத் திருமேனியுடன், நரசிம்மப் பெருமாளை நோக்கிக் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர் வாயுவின் மைந்தர். குழந்தைப் பருவத்தில் அவர் இந்திரனின் வஜ்ராயுதத்தால் அடிபட்டு வீழ்ந்தபோது, வாயு பகவான் தம் இயக்கத்தை நிறுத்திக்கொள்ள, ஸகல ஜீவராசிகளும் மூச்சின்றித் தவித்தன என்று ஸ்ரீமத் ராமாயண உத்தரகாண்டம் உரைக்கும்.

அத்தவிப்பை 2021ஆம் ஆண்டில் இப்பகுதி மக்கள் நேரில் கண்டனர். கொரோனா இரண்டாம் அலையின்போது, மே மாதத்தில், சேலம் உருக்காலை வளாகத்தில் 500 பிராணவாயுப் படுக்கைகள் அமைக்க வேண்டியதாயிற்று. அத்தகைய படுக்கைகளின் அருகே ஒரு வினா எழுவதுண்டு: பிறிதொன்றின் துணையால் மூச்சுவிட்டு வாழ்வதும் ஒரு வாழ்வா?

மூச்சுக்குத் துணை தேடும் முயற்சி புதிதன்று. 1928இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நோயாளியின் தலை மட்டும் வெளியே தெரிய, உடல் முழுவதையும் உள்ளடக்கும் இரும்புப் பெட்டி பயன்பாட்டுக்கு வந்தது. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் காற்றுப்பையைக் கையால் அழுத்தி நோயாளிகளைக் காத்தனர். இன்றோ, துணியாலும் ரப்பர் போன்ற மெல்லிய பொருளாலும் ஆன மென்மையான ரோபோக்கள் ஆராயப்படுகின்றன. கச்சைபோல் வயிற்றில் அணிந்தால், அவை அணிந்தவரின் மூச்சின் லயத்தை உணர்ந்து, காற்றழுத்தத்தால் தசைபோல் இயங்கி, வெளிமூச்சுக்கு உதவுகின்றன. அன்று மனிதன் பெட்டிக்குள் அடங்கினான். இன்று கருவி மனிதனுக்கு இசைகிறது.

ஆயினும், "சுயமாக மூச்சுவிட இயலாதவன் குறையுடையவன்" என்பர் சிலர். சுயமாக மூச்சுவிடுபவர் எவர்? ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சை நடத்துவது யார்? மனிதன் பிராணனாலோ அபானனாலோ வாழ்வதில்லை, அவ்விரண்டும் எதைப் பற்றி நிற்கின்றனவோ அதனாலேயே வாழ்கிறான் என்பது கடோபநிஷத்தின் கருத்து. ஜீவனுக்குப் பாரதந்திரியம் ஸ்வரூபமேயன்றிக் குறையன்று என்பது ஸ்ரீராமாநுஜ ஸித்தாந்தம். ஆகவே துணையுடையவர், துணையற்றவர் என்ற பிரிவே இல்லை. ஒருவருக்குத் துணை கண்ணுக்குப் புலப்படுகிறது, மற்றவருக்குப் புலப்படவில்லை. அவ்வளவே பேதம்.

இதனை உணர்ந்தவர் கருவியை அணிய நாணமாட்டார். அதனை ஆக்கியவரும் உயிரையே ஆக்கியதாகக் கர்வம் கொள்ளலாகாது. கருவி காற்றை நகர்த்தும், உயிரைத் தருவதில்லை. மீளவே வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்க, உச்சநீதிமன்றம் 9-3-2018 அன்று நெறிகளுடன் அனுமதி அளித்தது. அந்நிலையை எதிர்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இந்த உணர்வே ஆறுதல். மூச்சை அளித்தவனும் ஏற்றுக்கொள்பவனும் எம்பெருமானே; இடையில் நின்று பரிவுடன் பணி செய்தவர்மீது பழியில்லை.

இல்லத்தில் மூச்சுக்கு வருந்தும் முதியவர் ஒருவர் இருப்பின், அவர் தம்மைப் பாரமென்று எண்ணாதபடி அருகில் அமர்வதே முதற்கடமை. கோபன்ஹேகன் மாணவரின் கையும், நாளைய கச்சையும், அருகில் அமரும் மகனின் அன்பும் எம்பெருமானின் கருவிகளே.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.