வயலோரக் கதிர் யாருடையது?

அறுவடைக் காலத்தில் வயலின் ஓரம்வரை முற்றிலும் அரிந்துவிடலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கத் திரும்பிச் செல்லலாகாது, அவை எளியோர்க்கும் அந்நியர்க்கும் உரியவை என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. இணைச்சட்ட நூலோ அவர்களுடன் அநாதைகளையும் கைம்பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. மேலோட்டமாகப் படிப்போர்க்கு இது தருமம் செய்யத் தூண்டும் அறிவுரையாகத் தோன்றலாம். உற்று நோக்கின் அவ்வாறன்று. நிலத்துக்கு உரியவன் மனமிரங்கினால் கொடுக்கட்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. அவன் இரங்கினாலும் இரங்காவிட்டாலும் வயலின் ஓரம் அவனுடையதன்று. எவ்விடத்துக் கதிர், எப்பொழுது, யாருக்கு, விட்டுவைக்க வேண்டியவர் யார் என்னும் நான்கும் அக்கட்டளையில் தெளிவாக உள்ளன. ரூத்து போவாசின் வயலுக்குள் நுழைந்தபோது, அவள் கையேந்திச் செல்லவில்லை. சட்டம் தனக்கென விட்டுவைத்ததை எடுக்கச் சென்றாள்.

இந்தப் பழைய கட்டளை எழுப்பும் வினா இன்றும் நம்முன் நிற்கிறது. வறியவர்க்கு உணவும் உறைவிடமும் மருந்தும் கிடைப்பது பிறருடைய இரக்கத்தால் ஆக வேண்டியதா, நீதியால் ஆக வேண்டியதா? நீதியால்தான் எனில், அவர் நீதிமன்றத்தின் படியேறி அதைக் கேட்டுப் பெறலாமா? இவ்வினாவுக்கு நம் காலத்தில் இரு நாடுகள் இருவேறு வழிகளில் விடை கூற முயன்றுள்ளன. ஒன்று நம் இந்தியா; மற்றொன்று தென்னாப்பிரிக்கா. அடிமைத்தனத்தினின்று எழுந்து, தமக்கான சட்டத்தைத் தாமே எழுதிக்கொண்ட நாடுகள் இவை. இரண்டிலும் ஏழைகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றனர்.

இந்திய அரசியலமைப்புச் சட்டம் 1950 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பேச்சுரிமை, சமய உரிமை போன்றவற்றை நீதிமன்றத்தில் நிலைநாட்டத்தக்க அடிப்படை உரிமைகளாக அது வகுத்தது. பிழைப்புக்கான வழி, வேலை, கல்வி, ஊட்டச்சத்து ஆகியவற்றை நான்காம் பகுதியில், அரசுக்குரிய வழிகாட்டு நெறிகளாக வைத்தது. நாட்டின் ஆளுகைக்கு இவை அடிப்படையானவை; ஆயினும் இவற்றை எந்த நீதிமன்றத்தாலும் நிறைவேற்றச் செய்ய இயலாது என்று 37-ஆம் பிரிவு கூறியது. இந்த அமைப்பு 1937-ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அயர்லாந்தின் அந்தப் பகுதியிலோ கத்தோலிக்கச் சமூகப் போதனையின் சாயல் ஆழப் படிந்திருந்தது. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடல் அக்காலத்து அயர்லாந்துச் சிந்தனையாளர்களின் கையில் இருந்தது. ஆக, நம் நாட்டு வழிகாட்டு நெறிகளின் வேர்களுள் ஒன்று திருச்சபையின் சிந்தனையோடும் உறவுடையது. இதனை நம்முள் பலர் அறியோம்.

வழிகாட்டு நெறி வழியைக் காட்டும். கையைப் பிடித்து நடத்தாது. பதினான்கு வயதுவரை எல்லாச் சிறுவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு பத்தாண்டுகளுக்குள் முயல வேண்டும் என்றது 45-ஆம் பிரிவு. பத்தாண்டு 1960-இல் முடிந்தது. கல்வி அடிப்படை உரிமையாக வேண்டும் என்னும் அரசியலமைப்புத் திருத்தம் 2002-இல்தான் வந்தது. அதற்கான சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு என்று எழுதியது அறுபதாண்டு ஆயிற்று. அதற்கிடையே பள்ளியைக் காணாமலே முதுமை எய்தியவர்க்கு அந்தத் தாமதத்தை ஈடுசெய்வார் யாருமில்லை.

எனினும் நம் உச்ச நீதிமன்றம் வேறொரு வாயிலைத் திறந்தது. 21-ஆம் பிரிவு எவருடைய உயிரையும் சட்ட நெறிமுறையின்றிப் பறிக்கலாகாது என்கிறது. உயிர் என்றால் மூச்சு மட்டுமா? பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் 1985-ஆம் ஆண்டு ஐந்து நீதிபதிகள் விடையளித்தனர். பிழைப்பின்றி உயிர் தரிக்க முடியாதாகையால், வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்றனர். உயர்ந்த தீர்ப்பு அது. ஆயினும் அதே தீர்ப்பு, உரிய முறைப்படி அந்தக் குடிசைகளை அகற்றலாம் என்றும் கூறியது. மழைக்காலம் கழியும்வரை, அதாவது அக்டோபர் 31 வரை மட்டும் பொறுக்கச் சொன்னது. நூல்களில் அந்தத் தீர்ப்பு நிலைபெற்றது. நடைபாதையில் வாழ்ந்தவர்க்குக் கிடைத்ததோ ஒரு மழைக்காலத் தவணை.

தென்னாப்பிரிக்கா வேறு வழியைத் தேர்ந்தது. நிறவெறி ஆட்சி 1994-இல் முடிவுற்றபின் எழுதப்பட்டு, 1997 பிப்ரவரி 4-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அதன் அரசியலமைப்பு, வீட்டுவசதி, மருத்துவம், உணவு, நீர், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை உரிமைகளாகவே பொறித்தது. அவற்றுக்காக எவரும் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் அங்கும் ஒரு வரம்பு உண்டு: அரசு தன்னிடமுள்ள வளங்களுக்கு உட்பட்டு, நியாயமான நடவடிக்கைகளால், படிப்படியாக அவற்றை நிறைவேற்றினால் போதும்.

அந்த வரம்பு முதலில் ஒரு நோயாளியின் படுக்கையருகே சோதிக்கப்பட்டது. தர்பன் நகரில் வாழ்ந்த தியாகராஜ் சுப்ரமணி, பெயராலேயே தம் முன்னோரை நமக்கு நினைவூட்டுபவர். வேலையற்றவர், சிறுநீரகங்கள் செயலிழந்தவர், இதய நோயும் உடையவர். குருதிச் சுத்திகரிப்புக் கருவிகள் போதாமையால், குணமடைய வாய்ப்புள்ளோர்க்கும் மாற்றுச் சிறுநீரகம் பெறத் தகுதியுடையோர்க்கும் அரசு மருத்துவமனை முன்னுரிமை தந்தது. அந்த இரு பட்டியலிலும் அவர் இல்லை. 1997 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. விரைவிலேயே அவர் இறந்தார். அவசரச் சிகிச்சை எவருக்கும் மறுக்கப்படலாகாது என்று தென்னாப்பிரிக்கச் சட்டம் கூறினும், நெடுநாள் நோய்க்கான தொடர் சிகிச்சை அதில் அடங்காது என்றனர் நீதிபதிகள். அவ்வாறு கூறுகையில் அவர்கள் எடுத்து ஆராய்ந்தது ஓர் இந்தியத் தீர்ப்பை. மேற்கு வங்கத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட உழைப்பாளி ஒருவரைப் பல அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று திருப்பியனுப்பின. நிதியின்மையைக் காரணம் காட்டி உயிர்காக்கும் கடமையை அரசு தட்டிக்கழிக்க முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறி, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. உரிமை பொறிக்கப்படாத நாட்டில் அந்தக் குரல் கேட்கப்பட்டது. பொறிக்கப்பட்ட நாட்டில் ஒரு நோயாளி மறுக்கப்பட்டார்.

இதனைக் கொண்டு தென்னாப்பிரிக்க நீதிபதிகளை இரக்கமற்றோர் எனல் முறையன்று. இயலாததற்கு எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது நம் அறநெறி இயலும் ஏற்கும் கோட்பாடு. ஒரே கருவிக்கு முன் நால்வர் நிற்கும்போது எவருக்கு அளிப்பது என்பது எளிதில் தீராத துயரம். எனினும் ஒன்றை நாம் கேட்டாக வேண்டும். இயலாது என்று முடிவு செய்பவர் யார்? எதற்கு இயலாது, வேறு எதற்கு இயன்றது? கருவூலம் காலியாக இருப்பது ஒன்று; கருவூலத்தின் வாயில் ஏழைக்கு மட்டும் அடைத்திருப்பது வேறொன்று.

அந்தக் கேள்வியை அதே நீதிமன்றம் மூன்றாண்டுகளில் உரக்கக் கேட்டது. கேப் டவுன் அருகே வாலஸ்டீன் என்னும் குடிசைப் பகுதியின் வெள்ளத்துக்குத் தப்பி, தனியார் நிலத்தில் குடியேறிய மக்கள் அங்கிருந்தும் விரட்டப்பட்டு, விளையாட்டுத் திடலொன்றில் ஒதுங்கினர். பெரியவர் 390 பேர். சிறுவர் 510 பேர். ஐரீன் குரூட்பூம் என்னும் பெண்ணின் பெயரால் வழங்கும் அந்த வழக்கில், 2000 அக்டோபரில், பார்வையற்ற நீதிபதி சாக் யாக்கூப் தீர்ப்பெழுதினார். அரசு பல வீடுகளைக் கட்டிவருகிறது. ஆயினும் இன்றிரவு தலைசாய்க்க இடமற்றவர்க்கு அந்தத் திட்டத்தில் ஒன்றுமில்லை. ஆகவே அத்திட்டம் நியாயமானதன்று என்பது அதன் சாரம். வரிசையின் கடைசியில் நிற்பவரை மறந்த திட்டம் எத்துணை பெரிதாயினும் குறையுடையது என்று ஒரு நாட்டின் உயர் நீதிபீடம் கூறியதை, மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை அறிந்த நாம் எளிதில் கடந்துசெல்ல முடியாது.

ஆனால் நீதிமன்றம் அரசைத் திட்டத்தைத் திருத்தச் சொன்னதேயன்றி, எவருக்கு, எந்த நாளுக்குள், என்ன தர வேண்டும் என்று கூறவில்லை. பின்னர் அவசரக் குடியிருப்புக்கென அரசு ஒரு திட்டம் வகுத்தது. ஐரீன் குரூட்பூம் 2008-இல், சொந்த வீடு காணாமலே, குடிசையில் இறந்தார்.

அதே காலத்தில் இந்தியாவில் வேறொன்று நிகழ்ந்தது. 2001-இல் அரசுக் கிடங்குகளில் தானியம் தேங்கிக் கிடக்க, இராசஸ்தானத்தில் வறட்சியால் மக்கள் பசித்திருந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையில் அடைமொழிகள் குறைவு, எண்கள் மிகுதி. அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் பயிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் சமைத்த உணவு; 300 கலோரி; 8 முதல் 12 கிராம் புரதம்; ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். தமிழகத்துக்கு இது புதிதன்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த மதிய உணவு இங்கே எந்த நீதிமன்ற ஆணைக்கும் காத்திருக்கவில்லை. ஒரு மாநிலத்தின் மனவுறுதியால் நடந்ததை நாடு முழுவதற்கும் கடமையாக்கியது அவ்வாணை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, உரிய தானியம் வழங்கப்படாவிடில் அதற்கீடாகப் பணப்படி தர வேண்டும் என்னும் அளவுக்குச் சென்றது.

இதற்கு மாறாக, சொவெட்டோவின் ஃபிரி பகுதி மக்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் நீர் வேண்டும் என்று வழக்காடியபோது, அளவு குறிப்பது தன் வேலையன்று என்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் 2009-இல் கூறி, நகராட்சியின் 25 லிட்டர்க் கணக்கை ஏற்றது. ஆயினும் அவ்வழக்கு வீணாகவில்லை. தன் கொள்கையைப் பொதுவில் விளக்கவும், இடையிடையே திருத்தவும் நகராட்சி கட்டுண்டது. ஏழை கேட்க, அரசு காரணம் கூறக் கடமைப்பட்டு நிற்பது சிறிய காரியமன்று. 2002-இல் எச்.ஐ.வி. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தைச் சில மருத்துவமனைகளோடு நிறுத்தியிருந்த அரசை, அத்தடையை நீக்கச் சொல்லி அந்த நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணைக்குப் பின்னால் மருந்துக்காகத் தெருவிலிறங்கிய இயக்கமொன்று விழிப்புடன் நின்றது. ஆகவே ஆணை ஏட்டில் உறங்கவில்லை.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கின் நமக்குப் புலப்படுவது யாது? உரிமை என்று பொறித்துவிட்டதனால் மட்டும் அது ஏழையின் வீட்டை எட்டிவிடவில்லை. பொறிக்காததனால் மட்டும் எட்டாமலும் போகவில்லை. யார், எவ்வளவு, எந்த நாளுக்குள் தர வேண்டும் என்று கடமையை வரையறுத்த இடங்களில் அது எட்டியது. அவ்வரையறை இல்லாத இடங்களில் அழகிய சொல்லாகவே நின்றது. வயலோரக் கட்டளையின் வலிமையும் இந்த வரையறையே. ஆயினும் இரு முறைகளுள் ஒரு வேறுபாடு உண்டு. இந்திய ஏழையின் உரிமை பெரும்பாலும் நீதிபதியின் விரிந்த மனத்தைச் சார்ந்து நின்றது. மனம் சுருங்கின் அதுவும் சுருங்கும். தென்னாப்பிரிக்க ஏழையோ தன் நாட்டின் அடிப்படைச் சட்டத்தைக் கையிலேந்திக் கேட்கிறான். முன்னதில் பயன் சில வேளை மிகுதி. பின்னதில் மாண்பு மிகுதி. பயனும் மாண்பும் ஒன்றுசேர்வதே நீதி.

இங்கே நம்மிடையே ஓர் ஐயம் எழுவதுண்டு. எல்லாம் உரிமையாகிவிட்டால் அன்புக்கு இடமேது? கேட்டுப் பெறுபவனிடம் நன்றியும், கொடுப்பவனிடம் இரக்கமும் வற்றிவிடாவா? ரூத்தின் வரலாறே இதற்கு விடை. சட்டம் அவளுக்கு வயலோரத்தைத் தந்தது. போவாசு அதோடு நிற்கவில்லை. கட்டுகளிலிருந்தே கதிர்களை உருவி அவளுக்காகப் போடுமாறு தன் ஆள்களுக்குச் சொன்னான். நீதி முடிந்த இடத்தில் அன்பு தொடங்கியது. நீதியின் கடனைச் செலுத்தாமல், அதே கடனைத் தருமம் என்று பெயரிட்டு வழங்குவது அன்பாகாது. தேவைக்கு மிஞ்சிய அப்பம் பசித்தவனுடையது என்று போதித்தார் புனித பசிலியார். கொடிய தேவையில் எல்லாப் பொருளும் பொதுவே என்று கற்பித்தார் புனித தாமஸ் அக்குவினாஸ். உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றை மனிதரின் உரிமைகளாகவே 1963-ஆம் ஆண்டு 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில் எண்ணிக் கூறினார் திருத்தந்தை புனித இருபத்து மூன்றாம் யோவான்.

லூக்கா நற்செய்தியில் வரும் கைம்பெண் நடுவரிடம் பிச்சை கேட்கவில்லை, நீதி கேட்டாள். ஓயாமல் கேட்டாள். அவள் தனியாகவே சென்றாள் என்பது அந்த உவமையில் நம்மை உறுத்த வேண்டிய செய்தி. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் வாரந்தோறும் இல்லங்களைச் சந்திக்கின்றனர். குடும்ப அட்டையில் பெயர் விடுபட்ட மூதாட்டிக்கு அவர்கள் அரிசி அளிப்பது நற்செயலே. அவரோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நடந்து, மனு எழுதி, பெயர் ஏறும்வரை உடன் நிற்பதும் அதே நற்செயலின் மறுபாதி. அரிசி அந்த வாரத்துப் பசியைத் தீர்க்கும். அட்டையில் ஏறிய பெயரோ, அடுத்த மாதம் அவர் எவர் தயவையும் நாடாமல் வரிசையில் நிற்க வழி செய்யும்.